வண்ணத்துப்பூச்சி மீனை வீட்டில் வளர்க்கலாமா? வாங்கும் முன் தோட்டத்து இளைஞர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

கடல் மீன் விற்கும் கடைக்குள் நுழைந்தால் கண் முதலில் போய் நிற்பது அந்த மீன் மேலேதான். தட்டையான உடம்பு, மஞ்சளும் வெள்ளையும் கலந்த கோடுகள், நீண்ட மூக்கு, வால் பக்கத்தில் பொய்க் கண் மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி. ஆங்கிலத்தில் பட்டர்ஃப்ளை ஃபிஷ், தமிழில் வண்ணத்துப்பூச்சி மீன். டிக்டாக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் கடல் மீன் தொட்டி வீடியோ பார்க்கும் எவருக்கும் இது பழக்கமான முகம்.

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் மீன் வளர்ப்பது புதுசு இல்லை. லொங்காங்கில் கப்பி பிடித்து ஜாடியில் விட்டவர்களும், சண்டை மீனைப் போத்தலில் வளர்த்தவர்களும் ஒவ்வொரு லயத்திலும் இருந்திருக்காங்க. அந்தப் பழக்கத்தில், ‘அடுத்தது கடல் மீன்தான்’ என்று நினைப்பது இயல்பு. போர்ட்டிக்சன் கடலும் பக்கத்திலேயே இருக்கு.

ஆனால் கப்பியிலிருந்து வண்ணத்துப்பூச்சி மீனுக்குப் போவது அடுத்த படி இல்லை. அது வேறொரு ஏணி. கடையில் இருக்கும் கப்பி பண்ணையில் பிறந்தது. வண்ணத்துப்பூச்சி மீன் ஏறக்குறைய எப்போதுமே பவளப்பாறையிலிருந்து உயிரோடு பிடித்து வரப்பட்டது. உங்க தொட்டியில் ஒன்று செத்துப்போனால், கடையில் அந்த இடத்தை நிரப்ப கடலிலிருந்து இன்னொன்றைப் பிடிக்கணும். அதனால் ‘தொட்டி வாங்கக் காசு இருக்கா?’ என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ‘இந்த மீன் என் வீட்டில் சாப்பிடுமா?’

சுருக்கமாகச் சொன்னால்

- வண்ணத்துப்பூச்சி மீன்களில் சில இனங்கள் உயிருள்ள பவளத்தை மட்டுமே சாப்பிடும். அவற்றை வீட்டில் வைத்தால் பெரும்பாலும் பட்டினியில்தான் முடியும்.
- விற்பனைக்கு வரும் கடல் அழகு மீன்களில் பெரும்பாலானவை கடலில் பிடிக்கப்பட்டவை.
- தோட்டத்து வீட்டில் தண்ணீர், மின்சாரம், வெப்பம், தரையின் பலம் என நான்கும் சோதனைக்கு வரும்.
- இந்த மீன் குடும்பத்துக்கு அனைத்துலக வர்த்தகக் கட்டுப்பாடு இல்லை. பவளத்துக்கு உண்டு.

இது என்ன மீன்?

உலகில் ஏறத்தாழ 130 வகை வண்ணத்துப்பூச்சி மீன்கள் இருக்கு. பெரும்பாலானவை வெப்பமண்டலப் பவளப்பாறைகளில் வாழ்பவை. பல இனங்கள் ஆணும் பெண்ணுமாக ஜோடி சேர்ந்து, ஒரு குறிப்பிட்ட பாறைப் பகுதியைத் தங்கள் இடமாக வைத்துக்கொண்டு, நாள் முழுக்க அங்கேயே மேயும்.

மலேசிய மீன் பிரியர்களிடம் அதிகம் பேசப்படுவது காப்பர்பேண்ட் என்ற இனம். வெள்ளி உடம்பில் செம்பு நிறப் பட்டைகள், ஊசி மாதிரி நீண்ட வாய். பாறை இடுக்கில் இருக்கும் சிறு புழுக்களையும் கூனி வகை உயிரிகளையும் இழுத்துச் சாப்பிடத்தான் அந்த வாய். முழு வளர்ச்சியில் 20 சென்டிமீட்டர் வரை போகும். தொட்டியில் களை மாதிரி பரவும் ஐப்டேசியா என்ற சிறு கடல் அனிமோனை இது தின்னும் என்பதால், ‘களை எடுக்கும் வேலையாள்’ கணக்காகவே பலர் இதை வாங்குறாங்க.

இன்னொன்று எட்டுக்கோடு வண்ணத்துப்பூச்சி மீன். மஞ்சள் கலந்த உடம்பில் எட்டுக் கறுப்புக் கோடுகள். மலாக்கா நீரிணை உட்பட நம் பகுதிக் கடல்களில் காணப்படும் இனம் இது. விலை குறைவு, உருவம் சின்னது, பார்க்க அழகு. புதிதாகத் தொடங்குபவர் ஆசைப்பட்டு எடுப்பதும் இதைத்தான். வீட்டுத் தொட்டிக்குக் கொஞ்சமும் ஒத்துவராததும் இதுவேதான்.

சாப்பாடு ஏன் இவ்வளவு பெரிய பிரச்னை?

தங்கமீனுக்கு உருண்டைத் தீனியைப் போட்டால் வாயைத் திறந்துகொண்டு வரும். வண்ணத்துப்பூச்சி மீனுக்கு அது உணவு என்பதே தெரியாது. கடலில் அதன் வேலை, நாள் முழுக்க நூற்றுக்கணக்கான முறை பாறையைக் கொத்துவது. ஒவ்வொரு கொத்திலும் கிடைப்பது கடுகளவு. ஒரு வேளைக்கு மொத்தமாகச் சாப்பிட்டு மறுநாள் வரை தாங்கும் வயிறு அதற்குக் கிடையாது.

இதில் இரண்டு கூட்டம் உண்டு. முதல் கூட்டம், பவளத்தின் உயிருள்ள சிறு வாய்களை மட்டுமே தின்று வாழ்பவை. எட்டுக்கோடு மீனும், மெயர்ஸ், ஆர்னேட், செவ்ரான் என்ற பெயர்களில் விற்கப்படும் இனங்களும் இதில் அடங்கும். உறைந்த இறாலைக் கண்ணெதிரே போட்டாலும் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காது. சில நாள் கொத்துவது போல் கொத்தினாலும் உடம்பு தேறாது. வாரங்கள் போகப் போக வயிறு உள்வாங்கி, முதுகு கத்தி மாதிரி மெலிந்து இறக்கும்.

இரண்டாவது கூட்டம் கலந்து தின்பவை. ரக்கூன், திரெட்ஃபின், மஞ்சள் நீள்மூக்கு, பேனர்ஃபிஷ் எனப்படும் கொடி மீன் போன்றவை புழு, இறால், பாசி, மிதக்கும் சிற்றுயிர்கள் என்று பலதையும் ஏற்கும். அனுபவம் உள்ளவர் கையில் இவை பல ஆண்டுகள் இருக்கும். ஆனால் ரக்கூனும் திரெட்ஃபினும் பவளத்தையும் கொத்தும். எனவே பவளத் தொட்டியில் இவற்றை விட்டால், ஆசையாக வளர்த்த பவளம் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்.

காப்பர்பேண்ட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பவளம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காது. ஆனால் புது இடத்தில் சாப்பிட மறுப்பதில் பேர் போனது. உயிருள்ள புழுவோ, ஓட்டைத் திறந்து வைத்த சிப்பியோ கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக உறைந்த உணவுக்குப் பழக்கணும். காலையில் வேலைக்குப் போய் இரவில் திரும்புகிற ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை உணவு கொடுக்க முடியுமா என்பதையும் இங்கேயே யோசிச்சுப் பார்க்கணும்.

கடையில் இருக்கும் மீன் எங்கிருந்து வருது?

நன்னீர் அழகு மீன்களில் 10-க்கு 9 பண்ணையில் பிறப்பவை என்றும், கடல் அழகு மீன்களில் நிலைமை நேர் எதிர் என்றும் இந்தத் துறையில் பொதுவாகச் சொல்வார்கள். விதிவிலக்கு கோமாளி மீன். நீங்க ‘நிமோ’ என்று கூப்பிடும் அதே மீன்தான். தமிழ்நாட்டில் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம்கூட கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கு.

வண்ணத்துப்பூச்சி மீனில் ஏன் அது எளிதாக நடக்கவில்லை? கோமாளி மீன் பாறையில் முட்டையை ஒட்டி, பக்கத்திலேயே காவல் காக்கும். குஞ்சுகள் இரண்டு வாரத்துக்குள் உருவம் எடுத்துவிடும். வண்ணத்துப்பூச்சி மீனோ முட்டையைத் திறந்த நீரில் விட்டுவிட்டுப் போய்விடும். பொரியும் குஞ்சு, தலையில் எலும்புக் கவசம் போர்த்தியது மாதிரி ஒரு விநோத உருவத்தில் பல வாரங்கள் கடலில் மிதந்து திரியும். அந்தக் காலம் முழுக்க அதன் வாய்க்குள் நுழையும் அளவுக்குச் சிறிய உயிருணவு கிடைச்சுக்கிட்டே இருக்கணும். ஆய்வுக்கூடங்களில் சில இனங்களை வளர்த்துக் காட்டியிருக்காங்க. ஆனால் கடை அலமாரியை நிரப்பும் அளவுக்கு அது இன்னும் வளரவில்லை.

ஆகவே சங்கிலி இப்படித்தான் போகும்: முக்குளிப்பவர், ஊர் வியாபாரி, ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், கடை, பிறகு நீங்க. உலகச் சந்தைக்கு அதிகமாக அனுப்புவது இந்தோனேசியாவும் பிலிப்பீன்ஸும். ஒவ்வொரு கையிலும் மீன் சில நாள் பட்டினி கிடக்கும். பிளாஸ்டிக் பையில் பயணம் செய்யும்போது தண்ணீரை அசுத்தமாக்காமல் இருக்கவே பட்டினி போடுவாங்க. ஏற்கெனவே சாப்பிடத் தயங்கும் மீன் உங்க கைக்கு வரும்போது எந்த நிலையில் இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கலாம்.

இன்னும் மோசமானது சயனைடு. 1960-களில் பிலிப்பீன்ஸில் தொடங்கிய முறை இது. பாறை இடுக்கில் சயனைடு கரைசலைப் பீச்சினால் மீன் மயங்கி வெளியே வரும்; கையாலேயே எடுக்கலாம். கரைசல் பட்ட பவளம் சாகும். பிழைத்த மீனும் உள்ளுறுப்பு பாதித்து, நாட்களோ வாரங்களோ கழித்து இறக்கலாம். கடையில் வெறும் கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ‘நல்லாத்தானே இருந்துச்சு, திடீர்னு செத்துப்போச்சே’ என்று கேட்கும் எல்லோருக்கும் பதில் அவங்க வீட்டுத் தொட்டியிலேயே இருக்காது. சில சமயம் அது மீன் பிடிபட்ட பாறையில் இருக்கும்.

தோட்டத்து வீட்டில் வைத்தால் என்ன ஆகும்?

காப்பர்பேண்ட் மாதிரியான மீனுக்கு 400 முதல் 500 லிட்டர் வரையிலான தொட்டி வேண்டும் என்பது அனுபவசாலிகளின் பொதுவான அறிவுரை. 500 லிட்டர் என்று வைத்துக்கொண்டு, ரந்தாவ், சிலியாவ், சுவா பெத்தோங் பக்கத்துத் தோட்டத்து வீடு ஒன்றில் அதைப் பொருத்திப் பார்ப்போம்.

*எடை.* தண்ணீர் மட்டும் 500 கிலோவுக்கு மேல். கண்ணாடி, பாறை, மணல், தாங்கி எல்லாம் சேர்ந்தால் ஒரு பழைய பெரோடுவா கஞ்சில் காரின் எடையை நெருங்கும். அந்தக் காரை ஒரே மூலையில், நான்கு கால் இடத்தில் நிறுத்துவது மாதிரிதான் இது. சிமெண்ட் தரை தாங்கலாம். பலகைத் தரை உள்ள பழைய வீட்டில் இதைச் செய்யவே கூடாது.

*தண்ணீர்.* குழாய்த் தண்ணீரில் கிருமி நீக்கக் குளோரின் இருக்கும். அது நமக்கு நல்லது, மீனின் செவுளுக்கு எமன். அதனால் ஆர்.ஓ. கருவியில் சுத்திகரித்த நீரில் கடல் உப்புக் கலவையைக் கரைக்கணும். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் என்றால், தொட்டியை முதல்முறை நிரப்ப 17 கிலோவுக்கு மேல் உப்பு. வாரம் 10 விழுக்காடு தண்ணீர் மாற்றினால் 50 லிட்டர், அதாவது மாதம் சுமார் 7 கிலோ உப்பு. வீட்டு ஆர்.ஓ. கருவி 50 லிட்டர் சுத்த நீர் தருவதற்குள் 100 முதல் 150 லிட்டர் வரை கழிவாகவும் வெளியேற்றலாம். நெகிரி செம்பிலானில் குழாய் வறண்ட நாட்களில் பக்கெட்டோடு லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு அந்த எண்ணிக்கையின் அர்த்தம் தெரியும்.

‘போர்ட்டிக்சன் பக்கத்திலேயே இருக்கே, கடல் தண்ணியை டிரம்மில் எடுத்து வந்துட்டா?’ என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். கரையோரத் தண்ணீர் திறந்த கடல் தண்ணீர் இல்லை. மழை பெய்தால் லிங்கி ஆறும் லுக்குட் ஆறும் கொண்டுவரும் நன்னீரால் உப்பு அளவு குறையும். வண்டல், எண்ணெய்ப் படலம், கழிவு எல்லாம் அதில் கலந்திருக்கும். மூடிய டிரம்மில் வீடு வருவதற்குள் அதிலிருக்கும் நுண்ணுயிர்கள் செத்து அழுகவும் தொடங்கும்.

*வெப்பம்.* இங்கே நியாயமான ஒரு கேள்வி: நம்ம கடலே 28, 30 டிகிரிதானே, அப்புறம் எதுக்கு சில்லர்? உண்மைதான், இந்த மீன்கள் வெதுவெதுப்பான கடலில் வாழ்பவைதான். ஆனால் கடலின் வெப்பம் ஒரே நாளில் பெரிதாக ஏறி இறங்காது. மதியம் கொதித்து இரவில் குளிரும் கூரைக்குக் கீழே, 500 லிட்டர் தண்ணீர் ஏறி இறங்கும். பம்பும் விளக்கும் தங்கள் பங்குக்குச் சூடு ஏற்றும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். மீனுக்கோ அப்போதுதான் ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும்.

*மின்சாரம்.* ஓர் உதாரணக் கணக்கு: 220 வாட் சில்லர் நாளுக்கு 12 மணி நேரம், எல்லாப் பம்புகளும் சேர்த்து 80 வாட் 24 மணி நேரம், 100 வாட் விளக்கு 9 மணி நேரம். மொத்தம் நாளுக்கு சுமார் 5.5 யூனிட், மாதம் 164 யூனிட். உங்க வீட்டு மின்சார பில்லை எடுத்து, இப்போது எத்தனை யூனிட் ஓடுது என்று பாருங்க. சில வீடுகளில் இந்த ஒரு தொட்டியே ஐஸ்பெட்டியையும் காற்றாடியையும் சேர்த்ததைவிட அதிகமாகக் குடிக்கும். இடி மின்னலில் மின்சாரம் துண்டித்தால், பம்பு நின்ற சில மணி நேரத்திலேயே மீன் மேலே வந்து வாயைத் திறக்க ஆரம்பிக்கும்.

*வீடு யாருடையது?* இதைப் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. தோட்டத்து வீடு தொழிலாளியின் சொத்து இல்லை. வேலையோடு சேர்ந்து வருவது, வேலையோடு சேர்ந்து போவது. அப்பா ஓய்வு பெற்றாலோ வேறு தோட்டத்துக்கு மாறினாலோ வீட்டைக் காலி செய்யணும். மெத்தையையும் அலமாரியையும் லாரியில் ஏற்றிவிடலாம். உயிரோட்டமுள்ள 500 லிட்டர் கடலை அப்படி ஏற்ற முடியாது. புதுத் தொட்டியில் அம்மோனியாவைச் சமாளிக்கும் நல்ல பாக்டீரியா நிலைபெற மட்டுமே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட். ஒருவர் சம்பளத்தில் ஓடும் குடும்பத்தில், மீன் விலை என்பது இந்தச் செலவின் மிகச் சின்னப் பகுதி. ஆசைப்படக் கூடாது என்பது இல்லை. மாதாமாதம் வரும் செலவு என்ன என்று தெரிந்துதான் ஆசைப்படணும்.

சட்டம் என்ன சொல்லுது?

மலேசியாவில் 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம்தான் அடிப்படை. விஷம் அல்லது வெடி வைத்து மீன் பிடிப்பது குற்றம். உயிருள்ள மீனை நாட்டுக்குள் கொண்டுவர அனுமதி வேண்டும். கெடாவின் பாயார் தீவு போன்ற கடல் பூங்காக்களில் மீன் பிடிப்பதற்கும் பவளம் எடுப்பதற்கும் தடை இருக்கு. நெகிரி செம்பிலான் கரையில் அப்படி அறிவிக்கப்பட்ட கடல் பூங்கா எதுவும் இல்லை.

அனைத்துலக அளவில், அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் கல் பவளங்கள் இருக்கு. அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. மலேசியா அதை 2008-ஆம் ஆண்டின் 686-ஆம் சட்டத்தின் வழி நடைமுறைப்படுத்துகிறது. வண்ணத்துப்பூச்சி மீன் அந்தப் பட்டியலில் இல்லை. அதாவது பவளத்துக்குப் பத்திரம் வேண்டும். அந்தப் பவளத்தைத் தின்று வாழும் மீனுக்கு வேண்டாம்.

இந்த இடைவெளியை உலகம் கவனிக்காமல் இல்லை. 2019-இல் ஜெனீவாவில் நடந்த சைட்டிஸ் மாநாடு, கடல் அழகு மீன் வர்த்தகத்தைத் தனியாக ஆராய முடிவு செய்தது. அதன் தொடர்ச்சியாக 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நிபுணர்கள் கூடினார்கள். ஹவாயில் 2017-இல் மாநில உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் பாதிப்பை முறையாக ஆராயாமல் தொட்டிக்காக மீன் பிடிக்க அனுமதி வழங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பின் அடிப்படை எளிமையானது: எவ்வளவு எடுக்கிறோம், எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் எடுக்காதே.

வளர்ப்பவர்களின் வாதம் என்ன?

மறுபக்கத்தையும் கேட்கணும். முதல் வாதம், வாழ்வாதாரம். உயிருள்ள அழகு மீனுக்குக் கிடைக்கும் விலை, குழம்பு மீனுக்குக் கிடைப்பதைவிடப் பல மடங்கு. வலையால் கவனமாகப் பிடித்தால், பாறை உயிரோடு இருப்பதே மீனவருக்கு இலாபம். ஒரேயடியாகத் தடை போட்டால் அவர் பாறையைக் காப்பாற்ற என்ன காரணம் மிஞ்சும்? இந்த வாதத்தில் நியாயம் இருக்கு. ஆனால் அது நிற்க வேண்டுமென்றால் பிடிப்பதை எண்ணணும். இந்த இனங்களுக்கு அனைத்துலக வர்த்தகப் பதிவு கட்டாயம் இல்லாதபோது எண்ணுவது யார்?

இரண்டாவது வாதம், அறிவு. குஞ்சு பொரிக்கும் முறைகள், நோய் மருத்துவம், தண்ணீர் வேதியியல் போன்றவற்றில் பலவற்றுக்கு வீட்டில் மீன் வளர்ப்பவர்களும் பங்களித்திருக்காங்க. கடலையே பார்க்காத ஒரு பிள்ளைக்குப் பவளம் என்றால் என்ன என்று காட்டியது ஒரு கண்ணாடித் தொட்டியாகவும் இருக்கலாம். இதுவும் உண்மை. அந்த வேலையைப் பண்ணையில் பிறந்த ஒரு ஜோடி கோமாளி மீனும் செய்யும் என்பதுதான் பதில்.

போர்ட்டிக்சன் பாறைக்கும் தோட்டத்துக்கும் என்ன தொடர்பு?

போர்ட்டிக்சன் என்றால் நமக்கு ஞாபகம் வருவது பள்ளி விடுமுறை, கலங்கிய தண்ணீர், வாழைப்பழப் படகு. அந்தக் கலங்கலுக்குக் கீழே, தெலுக் கெமாங், தஞ்சோங் துவான் பக்கம் கரையை ஒட்டிப் பவளப்பாறை இருக்கு. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக அதைப் பற்றி எழுதி வந்திருக்காங்க. புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையம்கூட தெலுக் கெமாங்கில்தான் இருக்கு.

பாறை ஆரோக்கியமாக இருக்கா என்று பார்க்க ஆய்வாளர்கள் எண்ணும் உயிர்களில் ஒன்று வண்ணத்துப்பூச்சி மீன். 2007-இல் தொடங்கப்பட்ட ரீஃப் செக் மலேசியா அமைப்பின் ஆய்வில், 100 மீட்டர் நாடாவைக் கடலடியில் விரித்து, அதில் 20 மீட்டர் நீளமுள்ள நான்கு பகுதிகளில் தென்படும் குறிப்பிட்ட மீன்களை எண்ணுவாங்க. அந்தப் பட்டியலில் வண்ணத்துப்பூச்சி மீனும் உண்டு. காரணம் தெளிவு: தொட்டிக்காக அளவுக்கு மீறி மீன் பிடித்தால் முதலில் குறைவது இது. பவளம் செத்தாலும் முதலில் பட்டினி கிடப்பது இதுவே.

பவளம் ஏன் சாகிறது? கடல் சூடு ஒரு காரணம். 1998, 2010, 2024 ஆண்டுகளில் உலகளவில் பவளம் வெளுத்தபோது மலேசியப் பாறைகளும் பாதிக்கப்பட்டன. 2010-இல் தியோமான், ரெடாங் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களை அரசாங்கமே தற்காலிகமாக மூடியது. இன்னொரு காரணம் நிலத்திலிருந்து வருகிறது. மரம் மாற்றி நடும்போது கரையும் மண், உரம், கழிவுநீர் எல்லாம் ஓடைக்குப் போகும். சிரம்பான் பக்கத்திலிருந்து வரும் லிங்கி ஆறு ரப்பர், செம்பனைத் தோட்டங்களைக் கடந்து மலாக்கா நீரிணையில் கலக்கிறது. கலங்கிய நீரில் சூரிய ஒளி கீழே இறங்காது. ஒளி இல்லாமல் பவளத்துக்குள் வாழும் பாசி உணவு தயாரிக்காது.

செம்பனை ஆலைக் கழிவுநீரைக் கட்டுப்படுத்த 1977-லேயே மலேசியா தனி விதிமுறை கொண்டுவந்தது. அதற்கு முன் ஆறுகள் இருந்த நிலையைத் தோட்டத்துப் பெரியவர்களிடம் கேளுங்க. நாற்றத்தைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசுவாங்க. உங்க வீட்டுப் பின்னால் ஓடும் லொங்காங் தண்ணி கடைசியில் போய்ச் சேருமிடம் அந்த மீனின் வீடு. தொட்டி வாங்காமலேயே உங்களுக்கும் வண்ணத்துப்பூச்சி மீனுக்கும் தொடர்பு உண்டு.

அப்படியும் வளர்க்கணும்னா?

முடிவு உங்களுடையது. ஆனால் இந்த வரிசையில் போங்க.

1. *முதலில் கடல் தண்ணீரைக் கத்துக்குங்க.* பண்ணையில் பிறந்த கோமாளி மீனோடு குறைந்தது ஓர் ஆண்டு. உப்பு அளவு, அம்மோனியா, நைட்ரேட் மூன்றையும் சோதித்துக் குறித்து வைக்கும் பழக்கம் வரணும்.
2. *இனத்தின் சரியான பெயரைக் கேளுங்க.* ‘பட்டர்ஃப்ளை’ என்பது பெயர் இல்லை, குடும்பம். பெயர் தெரிந்ததும் அது பவளம் மட்டும் தின்னும் இனமா என்று தேடுங்க. ஆமாம் என்றால் அங்கேயே நிறுத்திடுங்க.
3. *‘என் முன்னால் சாப்பிட வைங்க’ என்று கேளுங்க.* கடைக்காரர் உறைந்த உணவு போட்டு, மீன் அதை விழுங்குவதைக் கண்ணால் பார்க்கணும். கொத்தித் துப்பினால் அது சாப்பிடுவது ஆகாது.
4. *கடைக்கு வந்து எத்தனை நாள் ஆச்சு?* நேற்று வந்த மீனை வாங்காதீங்க. முன்பணம் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பாருங்க. வயிறு உள்வாங்கி இருந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ வேண்டாம்.
5. *தனிமைத் தொட்டி கட்டாயம்.* இந்த மீன்களுக்கு வெண்புள்ளி நோயும் ஒட்டுண்ணியும் எளிதில் தொற்றும். வெண்புள்ளிக்கான செப்பு மருந்து இறாலையும் பவளத்தையும் கொல்லும், எனவே பெரிய தொட்டிக்குள் ஊற்ற முடியாது.
6. *மின்சாரம் போனால் என்ன?* பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்கணும்.
7. *முடியவில்லை என்றால் கடலில் விடாதீங்க.* வேறு கடலிலிருந்து வந்த மீனோடு நோயும் வரும். அட்லாண்டிக் கடலில் இன்று பெரும் தொல்லையாகப் பெருகியிருக்கும் சிங்க மீன், தொட்டிகளிலிருந்து விடப்பட்டதாகவே கருதப்படுது. கடைக்கோ அனுபவமுள்ள இன்னொருவருக்கோ கொடுங்க.

வேறு வழி இருக்கா?

இருக்கு. கடல் அமைதியாகவும் தண்ணீர் தெளிவாகவும் இருக்கும் நாளில், உள்ளூர் வழிகாட்டியோடு நீச்சல் கண்ணாடி போட்டுப் பாறைப் பகுதியைப் பார்க்கலாம். பவளத்தின் மேல் கால் வைக்காமல் இருந்தாலே பெரிய உதவி. முக்குளிப்புச் சான்றிதழ் உள்ளவர்கள் ரீஃப் செக் பயிற்சி எடுத்து, மீன் எண்ணும் தொண்டூழியராகச் சேரலாம். கல்லூரியில் உயிரியலோ மீன்வளமோ படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு, கூப்பிடு தூரத்தில் ஒரு பவளப்பாறை இருப்பது பலருக்கும் கிடைக்காத வாய்ப்பு.

வீட்டிலேயே மீன் வேண்டும் என்றால் நன்னீர் மீன் தரம் குறைந்தது இல்லை. சண்டை மீன் இந்த மண்ணின் மீன். அதன் நிறத்துக்கும் கோபத்துக்கும் ஈடாக எதுவும் இல்லை. சில்லர் வேண்டாம், உப்பு வேண்டாம், வீடு மாறும்போது கையிலேயே தூக்கிப் போகலாம்.

அடுத்த முறை கடையில் அந்த மஞ்சள் கோட்டு மீன் முன்னால் நின்றால், விலையைக் கேட்பதற்கு முன் இரண்டே கேள்வி கேளுங்க: இது எங்கே பிடிச்சது? இன்னைக்கு என்ன சாப்பிட்டுச்சு? இரண்டுக்கும் கடைக்காரரிடம் தெளிவான பதில் இல்லை என்றால், அந்த மீனை அங்கேயே விட்டுட்டு வாங்க.